என் சாலைக்கு ஒரு ப்ராசஸர்

பிப்ரவரி 3

ஊர் இன்றைக்கும் நின்றுவிட்டது. இந்த ஊர் கட்டும் கணினி விளையாட்டில் மக்கள்தொகை லட்சத்தை நெருங்கினாலே பேருந்துகள் நடுத்தெருவில் உறைந்துபோகின்றன. ஒரு கார் வளைவில் திரும்புவதற்குள் நான் துணி மடித்துவிட்டு வரலாம். இந்தப் பழைய கணினிக்கு மூச்சு முட்டுகிறது.

மகள் எட்டிப் பார்த்தாள். "சின்ன ஊரா கட்டேம்மா. யாரு கேக்கப் போறா?"

சின்ன ஊருக்குச் சுற்றுச்சாலை எதற்கு? அந்தச் சாலைக்காகத்தானே இந்த ஊரே! நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக இருந்தபோது, யாரும் கேட்காமல் நானாக வரைந்து கொண்டுபோன சாலை. தலைமைப் பொறியாளர் சுருளைப் பிரிக்கக்கூட இல்லை. "சொன்னத மட்டும் வரைங்கம்மா." பிரித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டிருந்தால்கூட எனக்கு இத்தனை காலம் எரிந்திருக்காது.

அது தாங்குமா, தாங்காதா? லட்சக்கணக்கான பேரை அதில் ஓடவிட்டுப் பார்க்காமல் விடமாட்டேன். புதுக் கணினி வேண்டும். பாகங்களை வாங்கி நானே கோப்பேன்.

பிப்ரவரி 7

கடைக்காரர் எடுத்த எடுப்பில் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தூக்கி வைத்தார். "கேமிங்னா கார்டுதாம்மா உயிரு. பேரனுக்கா?"

"எனக்கு."

சிரிப்பை அடக்கிக்கொண்டார். அடக்கியது நன்றாகவே தெரிந்தது.

கார்டு படம் வரையும், அவ்வளவுதான். எவன் எங்கே வேலைக்குப் போகிறான், எந்த வண்டி எந்த வழியில் திரும்ப வேண்டும் என்றெல்லாம் யோசிப்பது ப்ராசஸர். என் ஊர் உறைவது யோசிக்க முடியாமல்; வரைய முடியாமல் அல்ல. அலுவலகத்தில் எனக்குக் கொடுத்ததும் கார்டின் வேலைதான். எனக்கா வித்தியாசம் தெரியாது?

பிப்ரவரி 8

சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை பாடம் எடுத்தார். "பதினாறு கோர் உள்ளதா வாங்கிடுங்க அத்தை. பதினாறு மூளை மாதிரி."

பதினாறு பேர் உட்கார்ந்திருந்த அலுவலகம் எந்த வேகத்தில் ஓடியது என்று எனக்குத் தெரியும். நான் படித்துப் பார்த்தவரையில் இந்த விளையாட்டுக்கு எட்டு போதும். ஆனால் கேஷ் பெரிதாக இருக்க வேண்டும். ஓயாமல் தேவைப்படும் விவரங்களை ப்ராசஸர் தன் மேசைமேலேயே வைத்துக்கொள்ளும் இடம் அது. ஒவ்வொரு தாளுக்கும் எழுந்து கோப்பறைக்கு நடக்கிறவர் எப்போது வேலை முடிப்பார்?

"அத்தை, நான் இந்தத் துறையிலதான் இருக்கேன்."

"நான் அந்த ஊர்லயே இருக்கேன் மாப்பிள்ளை."

மகள் சிரிப்பதற்காகச் சமையலறைக்கு எழுந்து போனாள்.

பிப்ரவரி 15

எட்டு கோர், பெரிய கேஷ். வாங்கியாயிற்று. பழைய கார்டே போதும்.

பிப்ரவரி 17

ப்ராசஸரை வைத்து, அதை இறுக்கிப் பிடிக்கும் லீவரை அழுத்தும்போது நெறுக்கென்று ஒரு சத்தம். உயிர் போய் வந்தது. மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். தொடவிடவில்லை.

கணினி எழுந்தது. சற்று நேரத்தில் தானாக அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது.

"அப்பவே சொன்னேனே அத்தை."

என்ன சொன்னார்? இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா?

பிப்ரவரி 18

ப்ராசஸரின் சூட்டை இழுக்கிற கூலர் — அதன் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருக்கிறேன். உரித்துவிட்டேன்; இப்போது அணையவில்லை. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 20

ஓடுகிறது! லட்சம் தாண்டியும் ஒரு பேருந்துகூடத் தயங்கவில்லை. மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். பரவாயில்லையாம்!

கை சும்மா இருக்கவில்லை. பழைய அலுவலகத் தோழியிடம் எண் வாங்கிப் பொறியாளரையே அழைத்துவிட்டேன். ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறார். என் சாலையை ஓட்டிப் பார்க்கிறேன், வந்து பாருங்கள் என்றேன்.

"அந்த ரோடா? உங்க ரோடுதாம்மா சரி. இன்னுமா அத நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? விடுங்க."

அன்றைக்குப் பார்க்காமலே வேண்டாம் என்றார். இன்றைக்குப் பார்க்காமலே சரி என்கிறார். யாருக்கு வேண்டும் இந்த இனாம்!

பிப்ரவரி 24

இரண்டு லட்சம் பேர். கிழக்கு வளைவில், சாலை ஆற்றுப்பாலத்தோடு சேருகிற இடத்தில், அடைத்துக்கொண்டது. கணினி உறையவில்லை. வண்டிகள்தான் ஊர் எல்லை வரைக்கும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு ஓட்டுநரும் எங்கே போக நினைத்தார் என்றுகூட ப்ராசஸர் அலட்டிக்கொள்ளாமல் காட்டுகிறது.

திரும்பத் திரும்ப ஓட்டினேன். அதே இடம்.

"ப்ராசஸர் பத்தலையோ அத்தை?" மாப்பிள்ளை மெதுவாகத்தான் கேட்டார்.

இல்லை. ப்ராசஸர் சரி.

சாலைதான். எழுதிவிட்டேன், போதும்.

பிப்ரவரி 25

கணினியைத் தொடவில்லை.

பிப்ரவரி 27

யாரிடமும் கேட்கவில்லை. பொறியாளரை அழைத்தேன்.

"சார், அந்த ரோடு கிழக்கு வளைவுல அடைக்குது."

"விடுங்கம்மா" என்று வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"பாலத்துக்கு முன்னாடியா, பாலத்து மேலயா?"

என் சாலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

"ஃபோன்ல சொல்ல மாட்டேன் சார். வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். மாப்பிள்ளை, அதற்குள் வளைவைச் சரிசெய்து வைத்துவிடலாமே என்கிறார். அடைப்பு அப்படியே நிற்கட்டும். அவர் வருகிறவரை ஒரு செங்கல்லைக்கூட நகர்த்துவதாக இல்லை.