நான்கு கேள்விகளை யார் கேட்பது

எருசலேம்,
பஸ்கா முடிந்த மறுநாள்

அன்பு மகள் ஓர்னாவுக்கு,

என் எபிரேய எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கிறது, பொறுத்துக்கொள். வலப்பக்கம் தொடங்கும்போது எறும்பு அளவில் இருக்கிற எழுத்து, இடப்பக்கம் போய்ச் சேர்வதற்குள் கழுதை அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. சந்தையில் ஐம்பது வருஷம் மூட்டை பிடித்த கை இது, பென்சிலையும் மூட்டை மாதிரியே பிடிக்கிறது. ஆனாலும் இது நானே எழுதுவது, யாரும் சொல்லித் தரவில்லை, எழுத்துக் கற்றுத் தருகிற ராயா அம்மாகூடப் பக்கத்தில் இல்லை. இங்கே நான் சுகம், நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்னில் சுகமாக இருக்கக் கடவுள் காக்கட்டும். முட்டி வலி இருக்கிறது, ரத்த அழுத்தம் பரவாயில்லை. காலையில் எல்லாரையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கையைத் தூக்கு காலைத் தூக்கு என்கிறார்கள், தூக்குகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிடுகிறாய், பிறகு எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது.

பஸ்கா எப்படிப் போனது என்று கேட்டாயே, சொல்கிறேன். இந்த முதியோர் இல்லத்தில் பஸ்கா வந்தால் இரண்டு சாதி ஆகிவிடுவோம். பிள்ளைகள் வந்து காரில் கூட்டிப்போகிறவர்கள் ஒரு சாதி, கூட்டிப்போக ஆள் இல்லாதவர்கள் ஒரு சாதி. மத்தியானத்திலிருந்தே முதல் சாதிக்காரர்கள் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வாசல் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், என்னமோ மற்றவர்கள் பார்க்கவேண்டும் என்றே உட்காருகிற மாதிரி. நான் பார்க்கமாட்டேன். ஆனால் யார் எந்தக் காரில் போனார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். மீதி இருக்கிற எங்களுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நீள மேசை. இந்த ராத்திரி மட்டும் ஏன் வேறு மாதிரி என்று மேசையில் சிறியவர்தான் புத்தகத்தின் நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும், எகிப்தைவிட்டு வந்த கதையைப் பெரியவர் பதிலாக வாசிக்கவேண்டும், உனக்குத் தெரியாததா. எங்கள் மேசையில் சின்னப்பிள்ளைக்கு எங்கே போவது, அதனால் கிழவர்களில் யாருக்கு வயது குறைவோ அவர்தான் பிள்ளை. போன இரண்டு வருஷமும் அந்தப் பிள்ளை நான். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னேன். இந்த வருஷம்தான் உண்மையிலேயே பார்த்து வாசிக்கப்போகிறேன் என்று குளிர்காலம் முழுக்க ராயா அம்மாவிடம் உட்கார்ந்து எழுத்துக் கற்றேன், ஓர்னா. அந்தப் பக்கத்தை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

அப்பொழுதுதான் இரண்டாம் மாடிக்கு நிசீம் வாத்தியார் குடிவந்தார். பாக்தாத் குடும்பம், பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்தவர், தண்ணீர் ஊற்றுகிற மாதிரி வாசிப்பார், குரல் வேறு கணீரென்று. வயது எழுபத்துமூன்று. ஒரே மகன் அமெரிக்காவில், அதனால் எங்கள் மேசைதான். எல்லாரும் இனி வாத்தியார்தான் கேட்கவேண்டும், வாத்தியார்தான் சின்னவர் என்று தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மீன் இறங்கவில்லை. இங்கே மீனில் சர்க்கரை போடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

நேராக நிர்வாகி டாஃப்னாவிடம் போனேன். சொந்த ஊர் ஸாகோவிலிருந்து சின்னப் பையனாக விமானத்தில் வந்து இறங்கிய அன்று ஒரு குமாஸ்தா என் பல்லைப் பார்த்துத்தான் வருஷத்தை எழுதினான், பிறந்த தேதி என் அம்மாவுக்கே தெரியாது, உண்மையில் நான் இன்னும் சின்னவன் என்றேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஐயா, போன வருஷம் பல்செட் சீக்கிரம் கிடைக்கணும்னு இதே குமாஸ்தா வயசைக் குறைச்சு எழுதிட்டான்னு சொன்னீங்களே" என்றாள். ராயா அம்மா விஷயம் கேள்விப்பட்டு, "நாப்பது வயசுன்னு சொல்லுங்க சப்தோ, நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன், ஆனா உங்க முட்டி ஒத்துக்கணுமே" என்று மாடிக்கே கேட்கச் சிரித்தாள். அன்றைக்கு நான் பாடத்துக்குப் போகவில்லை.

பஸ்கா சாயங்காலம் வாத்தியார் கோட்டு, கழுத்துப்பட்டை எல்லாம் போட்டுக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்தார். பொழுது இறங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கதவு திறந்தது, ஒரு ஆள் பெட்டியும் கையுமாக நின்றான். "அப்பா, கார் கீழ நிக்குது, எழுந்திருங்க, இருட்டறதுக்குள்ள அத்தை வீட்டுக்குப் போயிடணும்." வாத்தியார் எழுந்து நின்றார். அவ்வளவு படித்தவர், கோட்டுப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் புத்தகத்தை என் கையில் திணித்து, "அண்ணே, நீங்களே படிங்க, என்னைவிட நீங்கதான் சின்னவர்" என்று சொல்லிவிட்டு மகன் தோளைப் பிடித்துக்கொண்டு போனார்.

வாசித்தேன். வரிக்கு அடியில் விரல் வைத்து, ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை. நேரம்தான் ஆனது. மேசைக் கோடியிலிருந்து போலந்துக்கார ஸல்மான், "யோவ், நாம இன்னும் எகிப்தைவிட்டே கிளம்பல, பசிக்குதுய்யா" என்று கத்தினார். முடித்ததும் எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். ராயா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் காது கீழே போன காரிலேயே இருந்தது. வாத்தியார்மேல் அதுவரைக்கும் பட்ட பொறாமை ஒன்றுமே இல்லை, அப்பொழுது வந்ததுதான் பொறாமை. மெல்போர்னில் உன் மேசையின் தலைமாட்டில் மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன், அவர்மேலும் வந்தது. நல்ல மனிதர்தான், அவரிடம் சொல்லாதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ சின்னவளாக இருந்தபோது நாற்காலிமேல் ஏறி நின்று கேட்பாய். கேட்கும்போது உன் பெரியப்பாவைப் பார்த்துத்தான் கேட்பாய், ஏனென்றால் பதில் வாசிக்கத் தெரிந்தவர் அவர். நான் பக்கத்தில் புளிப்பில்லாத ரொட்டிக்கூடையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். அண்ணன்மேலேயே பொறாமைப்பட்டேன், என்ன செய்ய. கேள்விகள் சின்னவை, ஓர்னா, பதில்தான் பக்கம் பக்கமாகப் போகிறது. அதையும் இப்போது படிக்க ஆரம்பித்திருக்கிறேன். அடுத்த பஸ்காவுக்கு நீ வா. எங்கள் மேசையில் நீதான் சின்னவள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். என் முகத்தைப் பார்த்துக் கேள். பதிலை நான் வாசிக்கிறேன்.

டிக்கெட் இப்போதே பார்த்தால் விலை குறைவாம், டாஃப்னா சொன்னாள். அங்கே குளிர் ஆரம்பிக்கும், காதைக் கட்டிக்கொள். சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள் போலக் கடவுள் உன்னை ஆக்கட்டும், அவர் முகம் உன்மேல் பிரகாசிக்கட்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கை வைக்க உன் தலை இல்லாமல் காற்றிலே சொல்வதை இன்று காகிதத்திலே சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் ஓய்வுநாள் கழிந்ததும் பென்சிலைச் சீவிக்கொண்டு உனக்கு மறுபடி எழுத உட்காருவேன்.

உன் அப்பா,
சப்தோ