ஜேபியில்லாத சட்டைகள்

12 நவம்பர் 1934, திங்கள்
ஹனீஃபா வந்து சேர்ந்தார். பதினான்கு வருஷம் ஜெயிலில் இருந்தவர். விடுதலையானவர்களுக்கு உதவும் சங்கத்தில் பேர் கொடுத்ததன் பலன். தந்தி ஆபீஸிலிருந்து பென்ஷன் வாங்கிய பிறகு சும்மா இருக்க என்னால் ஆகிறதா? உள்ளே தையல் வேலை பார்த்தாராம். பின்கட்டு அறையைக் கொடுத்தோம். "சோறு போடுவோம். புத்தி சொல்லிக் கழுத்தறுக்காதீங்க" என்றாள் என் சம்சாரம் தாயம்மா. என்னிடம்!

13 நவம்பர்
மீர்சாகிப்பேட்டையில் அவர் மகள் நஸ்ருன்னிசாவைப் பார்த்தேன். நாலு வயசில் அப்பாவைப் பிரிந்தவள். கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினாள். "பெருநாள் வரைக்கும் ஒரே எடத்துல வேலை செய்யட்டும். அப்புறம் வூட்டுக்கு வரட்டும்." நியாயம்தான். ஹனீஃபாவிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

19 நவம்பர்
கச்சேரி ரோட்டில் குலாம் முகம்மதுவின் தையல் கடையில் சேர்த்துவிட்டேன். நானே ஜவாப்தாரி. தையலைப் பார்த்த முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

6 டிசம்பர்
மானம் போயிற்று. தோல் வியாபாரி உமர் ஃபாரூக் பெருநாளுக்குச் சொல்லியிருந்த பன்னிரண்டு சட்டை — ஒன்றில்கூடக் காசு போட ஜேபி இல்லை! "இன்னா வேதநாயகம் சார், உங்க ஆளு என் கடைக்கு வேட்டு வெக்க வந்தாரா?" என்று குலாம் முகம்மது கத்தினார். நாளையிலிருந்து வரவேண்டாமாம். எனக்கும் ஆத்திரம். வீட்டுக்கு வந்து ஹனீஃபாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அளவு குடுத்தாங்க, தெச்சேன். ஜெயிலுக்குள்ள ஜேபி வெச்சித் தெச்சதே இல்லீங்கய்யா. அதுல போட எங்களுக்கு இன்னா கீது?"

டிராம் ஏறக் கற்றுக்கொடுத்தேனே, பெரிய மனுஷன் — இது ஏன் தோன்றவில்லை?

7 டிசம்பர்
கடை திறக்கும்போதே போய் நின்று, ஹனீஃபா சொன்னதை அப்படியே சொன்னேன். குலாம் முகம்மது கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "மிச்சத் துணி கீது. வந்து வெச்சிக் குடுக்கச் சொல்லுங்க." அழுதுவிட்டேன், கடையிலேயே. வெட்கமாக இல்லை.

15 டிசம்பர்
இப்போது ஹனீஃபாவுக்கு எதைக் கண்டாலும் ஜேபி. தாயம்மாவின் காய்கறிப் பைக்கும் ஒன்று.

10 ஜனவரி 1935
முந்தாநாள் பெருநாள். மகளே வந்து அழைத்துப் போனாள். பின்கட்டு வெறிச்சென்று இருந்தது. இன்று சாயங்காலம் தன் கையால் தைத்த சட்டையோடு ஹனீஃபா வந்தார். ஒரே ஜேபி, மேலே மூடி, அதற்கொரு பித்தான். பேச்சுக்கு நடுவே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"அப்படி என்னதான் வைத்திருக்கிறீர்?"

பித்தானைக் கழற்றிக் காட்டினார்.

"வூட்டுச் சாவிங்கய்யா. பொண்ணு வேலைக்குப் போனா, நானே தொறந்துக்கினு உள்ள போவணுமாம்."

மறுபடியும் பித்தானைப் போட்டுக்கொண்டார்.