டிவி ஸ்பீக்கரில் வந்த குரல்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

நானே சேர்த்துப் பூட்டிய வால்வு ரேடியோ இன்று ஒருவழியாகப் பேசிவிட்டது. வால்வு காயலான் கடையில் கிடைத்தது, ஸ்பீக்கர் பழைய டிவியில் கழற்றியது, திருகுகிற குமிழ் கேஸ் அடுப்பினுடையது. ஒன்றுக்கொன்று சேராத சாமான்கள். அதனாலோ என்னவோ, திருச்சி நிலையத்தில் விவசாயம் பேசியவர் சளி பிடித்தவர் மாதிரி மூக்கால் பேசினார். நெல்லுக்கு உரம் போடச் சொன்னார். "மழையவே காணோம், ஒரமாம்ல ஒரம்" என்று நானும் அவரோடு சண்டைக்குப் போய்விட்டேன். வாய்விட்டுப் பேசி எத்தனை நாளாயிற்று.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுச் செல்வி கதவைத் தட்டினாள். கையில் மூடிபோட்ட கிண்ணம்.

"துபாய்லேருந்து தம்பி வந்துருச்சா மாமா? அதே மூக்குக் கொரலு, செவுத்துக்கு அங்கிட்டே கேட்டுச்சு. வந்த அன்னைக்கே அதுகிட்டச் சண்டையா?"

என் மகன் இல்லை, ரேடியோ என்று சொல்லியிருக்கலாம். வாயில் வேறு வந்தது.

"ஆமாத்தா. அசதியில படுத்துட்டான்."

"நாட்டுக்கோழிக் கொழம்பு. ரெண்டு பேரும் சாப்புடுங்க. காலைல வந்து தம்பியப் பாத்துக்கிறேன்."

காலையில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். போனில்கூட அவன் குரலைக் கேட்டு... அது எதற்கு இப்போது.

ரேடியோவை அணைத்தாயிற்று. சாப்பிட்டு எழுந்து பார்த்தால், கிண்ணத்தில் சரிபாதிக் குழம்பை மிச்சம் வைத்திருக்கிறேன்.