மீனுக்குக் கீழே ஒரு முகம்

அப்பா,

இன்று மதியம் அலுவலகத்தில் ஒருத்தி பொரித்த மீனை நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். எண்ணெயும் அச்சு மையும் கலந்த அந்த மணம் வந்ததும் என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். உங்களுடைய எட்டாம் நாள் படையல் நினைவுக்கு வந்தது.

லண்டனில் இறைச்சிச் சந்தையில் சுமை தூக்கிய காலத்தைப் பற்றி நீங்கள் சொன்னது ஒரே ஒரு கதைதான். வந்து குடியேறியவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஓர் அரசியல்வாதி பேசினான். நாடு முழுவதும் அதே பேச்சு. காலையில் உங்களோடு தேத்தண்ணி குடித்தவர்கள் மதியம் அவனுக்காக ஊர்வலம் போனார்கள். திரும்பி வந்தவர்களில் ஒருவன், முன்பு உங்களுக்குப் போட்டுக்கொள்ளத் தந்த பழைய குளிர்கோட்டைத் திருப்பிக் கேட்டான். "ஊருக்குப் போற உனக்கு உது என்னத்துக்கு?" என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம். மழைக்குளிரில் வெறும் சட்டையோடு அறைக்கு நடந்தீர்கள்.

கோட்டைக் கேட்டவனின் பெயரைக்கூட நீங்கள் சொன்னதில்லை. கேட்கத் துணிவு கொடுத்த அந்த அரசியல்வாதியை மட்டும் மறக்கவில்லை. பிறகு இந்த நாட்டுக்கு வந்து குடியேறிய மோர்னிங்சைட் வீட்டில், தொலைக்காட்சியில் அந்தக் கிழட்டு முகம் வந்தால், "இன்னும் கிடக்கிறான். போங்கோ எண்டவன் முதல் போகட்டும். அதைப் பாத்துட்டுத்தான் நான் போவன்" என்பீர்கள். "முதல் உங்கட பிறஷரைப் பாருங்கோ" என்பார் அம்மா.

நீங்கள் தோற்றீர்கள், அப்பா. சில நாட்களால். உங்களை எரித்துவிட்டு வந்த அதே கிழமைக்குள் அவன் செத்தான். நாளிதழ் அரைப்பக்கத்துக்குப் புகழ்ந்திருந்தது. பெரிய படிப்பாளி, நாவன்மை மிக்கவர், மனதில் பட்டதை மறைக்காதவர். கோட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

எட்டாம் நாள் உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்தோம். பொரித்த மீன், இறைச்சிக்கறி, அரைப்போத்தல் சாராயம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை வாங்கிய மேடையில்கூடத் தலை நிமிராத நான், அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து விரித்து, அவன் முகத்தின் மேல் மீனை வைத்தேன்.

"உதென்னடி?" என்றார் அம்மா.

"அப்பாவுக்குப் பிடிச்ச சாமான்."

"விசரி! அவருக்கு உவனைக் கண்ணில காட்டக்கூடாதே."

"உவன் உயிரோட இருக்கேக்கதானே அம்மா."

சித்தப்பா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். அம்மா கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு கறிச்சட்டியை எடுத்து, அதன் மேலேயே ஓர் அகப்பை ஊற்றினார்.

படைத்ததில் ஒரு பங்கை முச்சந்தியில் வைக்க வேண்டுமே. இங்கே முச்சந்திக்கு எங்கே போவது; வீட்டுக்குப் பக்கத்துக் கடைத்தொகுதிப் பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்து ஓரத்தில், பனிக்குவியலின் மேல் காகிதத்தோடு வைத்தேன். வெள்ளைக் கடற்பறவைகள் இறங்கின. மீன் முடிந்த பிறகும் அவை எண்ணெய் ஊறிய காகிதத்தை விடவில்லை. கண் இருந்த இடம்தான் முதலில் கிழிந்தது. கால் விறைக்கும்வரை நின்று பார்த்தேன். உங்களுக்கும் சேர்த்துப் பார்த்தேன்.

இன்று மீன் கொண்டுவந்தவள், இந்த நாட்டுக்குள் இப்படி ஆட்களை விட்டுக்கொண்டே போனால் என்ன ஆவது என்று பக்கத்து மேசையில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னைச் சொல்லவில்லை" என்று சிரித்தாள். எனக்கு அடிக்கடி தேத்தண்ணி வாங்கித் தருபவள். நானும் சிரித்தேன்.

எல்லோருடைய கோட்டும் வாசல் கொழுவியில் தொங்குகிறது. முதல் சம்பளத்தில் வாங்கிய என்னுடையது மட்டும் என் கதிரையில், என் முதுகுக்குப் பின்னால்.

அவள் என்னைவிட இருபது வயதாவது மூத்தவள், அப்பா. முதல் போகட்டும். எனக்கு அவசரமில்லை.