பிரேக்கில் பூசிய கிரீஸ்

என் அருமை நிதானத்துக்கு,

நலமறிய ஆவல் என்று எழுத வந்தேன். உன் நலம் எப்படியென்று உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, நேற்றே ஃபோனில் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். மருந்து ஏற்றியது போதும், வீட்டுக்குக் கூட்டிப் போ என்று ஆஸ்பத்திரியில் அடம் பிடிக்கிறாயாம். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அது இருக்கட்டும். நாமே பாகம் பாகமாகக் கோத்து ஓட்டலாமென்று சேர்ந்து வாங்கிய எஞ்சின் ரிமோட் காரின் பெட்டியைப் பிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கியர் என் பாகம், பிரேக் உன் பாகம் என்று பேசியதெல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் என் லாண்டரிக் கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் சும்மா உட்கார்ந்தால் உன் நினைப்புதான் வருகிறது. இஸ்திரி மேசையில் பழைய துணியை விரித்து வேலையைத் தொடங்கினேன்.

கியர் பெட்டியை மூடி, அச்சுகளைக் கோத்து, சக்கரம் மாட்டி, கடைக்குப் பின்னால் சந்தில் கொண்டுபோய் விட்டேன். முன்னால் போ என்றால் வண்டி பின்னால் போகிறது! பின் அச்சின் நடுவே வருகிற பெரிய பல்சக்கரத்தை இடம் வலம் மாற்றிப் போட்டிருக்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இஸ்திரி போடும் பெண், “ஏண்ணே, வண்டிக்கே உங்களப் பாத்தா பயமா?” என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிரித்துத் திருத்தினேன். முன்னால் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் நிற்கவில்லை. பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் பூசிய கையோடு பிரேக் தட்டுக்கும் பூசிவிட்டேனடா, வழுவழுவென்று இருக்கட்டுமே என்று! சுவரில் முட்டி மூக்கு உடைந்தது. தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். அதை இருபுறமும் பிடிக்கிற பட்டைகள் கிரீஸைக் குடித்துவிட்டன. அவற்றை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உன் விஷயத்திலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் மருந்து ஏற்றினால் பலன் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்த ‘இருக்கலாம்’ என்பதை வைத்துக்கொண்டு உன்னை வற்புறுத்த நான் யார்? ஊசி ஏறுவது உன் கையில், வாந்தியெடுத்துச் சுருண்டு கிடப்பதும் நீ. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? நான் இங்கே சட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். தங்கச்சி என்னிடம், “நீங்க சொன்னா கேப்பாருண்ணே” என்கிறாள். என்ன சொல்வது என்று அவளும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நீ என்ன முடிவெடுத்தாலும் உன் பக்கம் நிற்பேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. ஒரே ஒரு தடவை ஃபோனை எடு. பட்டையை வீணாக்கியதற்கு வாய் வலிக்கத் திட்டு. நீ திட்டி முடிக்கிறவரை, சத்தியமாக, நான் குறுக்கே பேசமாட்டேன்.

உன்,
அவசரக்குடுக்கை