கனிவுக்கு ஒன்று

மார்ச் 4

என் வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். சுகம்தானே? அத்தி பூத்தாற்போலத்தான் நீ பதில் போடுவாய். ஆனாலும் எழுதுகிறேன், போனில் என்றால் அழுதுவிடுவேன்.

எங்கள் ஆலோசனை மையத்தில் ஒவ்வோர் ஆலோசகருடைய ஒரு மணிநேரப் பேச்சையும் பதிவு செய்து, மதிப்பெண் போட உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே யாரோ கேட்டு, கனிவுக்கு எனக்கு ஐந்துக்கு ஒன்று போட்டிருக்கிறார். ஒன்று! பதினாறு வருஷமாக இதே வேலை செய்கிறவளுக்கு. மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மாவோடு பேசிய பதிவு அது. மூன்று மாதம் யாரையும் பார்க்கக் கூடாது என்று கோப்பு அடுக்க உட்கார்த்திவிட்டார்கள். காபி எடுக்க எழுந்து போகக்கூட வெட்கமாக இருக்கிறது.

நீயும் மதிப்பெண் போடுகிறவள்தானே. நான் எங்கே தவறினேன்? மழுப்பாமல் சொல்லு.

அன்பு அக்கா

மார்ச் 19

அக்கா,

அந்த ஒன்றைப் போட்டது நான்தான்.

பதிவில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். "சொல்லுங்கம்மா, அவசரமே இல்ல" என்று நீ ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்த குரல் என்றால் பதிவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. அந்த அம்மா அழுது முடிக்கும்வரை பேசாமல் கூடவே இருந்தாய். நியாயமாகப் போட வேண்டியது ஐந்து. எனக்கு வயிறு எரிந்தது. என் கல்யாணம் முறிந்த அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டேனே, அப்போது இந்தக் குரல் எங்கே போயிற்று? அந்த ஆத்திரத்தில் ஒன்று போட்டுவிட்டேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது. திட்டு, அக்கா.

வாலு

மார்ச் 27

வாலு,

கோபமில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். கோபம் இருக்கிறது. அதைவிட வெட்கம்தான் அதிகம். அன்றைக்கு உன்னை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். "எல்லாம் சரியாயிடும்டி" என்று மூன்று தடவை சொன்னேன். நீ அழுததே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அந்தப் பேச்சுக்கு ஒன்று போட்டிருந்தால் அதுவே அதிகம்.

ஆனால் அந்த அம்மா உனக்கு என்ன செய்தார்? அவரை வேறொருவரிடம் மாற்றினார்கள். இரண்டு முறை வந்து வாயே திறக்காமல் போனாராம். போன வாரம் வரவேயில்லை.

நாளைக்கே உன் மேலதிகாரியிடம் போய்ச் சொல். வேலை போகலாம். போனாலும் சொல். அந்த அம்மா திரும்பி என்னிடம் வர வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

சொல்லிவிட்டு வெளியே வந்ததும் என்னைக் கூப்பிடு. அடுப்பை அணைத்துவிட்டு எடுக்கிறேன்.

அக்கா