தீவு நம்பர்

சேசு மரி சூசை துணை

மின்னி பே, அந்தமான்,
பொங்கலுக்கு மறுநாள்.

அன்பு மகன் கிளமெண்டுக்கு, அம்மா செல்வம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை ஷெர்லினும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுவிட்டுத்தான் படுக்கிறேன்.

இந்தக் காலத்தில் அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ கேட்கமாட்டாய். உன் இரண்டு நம்பரும் அடிப்பதில்லை. சென்னை நம்பரைக் கூப்பிட்டால் ஒரு பெண் தமிழில் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்கிறாள். தீவு நம்பரைக் கூப்பிட்டால் இன்னொருத்தி அதையே இந்தியில் சொல்கிறாள். அந்த இரண்டு பேரோடும் நான் பேசாத நாளில்லை. ஷெர்லின் உன் விடுதி வார்டனைப் பிடித்தாள். தம்பி வேலைக்குப் போறாப்ல, வர்றாப்ல, சாப்பிடுறாப்ல, வீட்லேருந்து போன்னு சொன்னா மட்டும் எந்திரிச்சுப் போயிடுறாப்ல என்றாராம். சாப்பிடுகிறாய் என்கிறவரைக்கும் நன்றாகக் கேட்டது. அதற்குமேல் அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை.

இங்கே மழை விட்டுவிட்டது. பின்பக்கத் தகரம் ஒன்று காற்றில் போனது, சொக்கலிங்கம் மாமா வந்து அடித்துக் கொடுத்தார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவில்லை. ஷெர்லின் ஹேடோவில் மருந்துக் கடை வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள், முகம்தான் சுண்டிப்போய்விட்டது. அப்பாவுக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைத்துவிடலாம், உடல் கிடைக்காவிட்டாலும் வைக்கலாம் என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். மகன் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அதற்குப்பிறகு அவர் கேட்கவில்லை.

அப்பாவோடு படகில் போன முத்துவீரன் தேறிவிட்டான். சென்னை ஆஸ்பத்திரியில் நீ பார்த்தபோது இருந்த புண்ணெல்லாம் ஆறி, தோல் உரிந்து, புதுத்தோல் வந்துவிட்டது. கண்ணைத்தான் நிமிர்த்திப் பார்க்கமாட்டேன் என்கிறான். கட்டிலில் கிடந்தபடி உன்னைப் பார்த்ததும், தம்பி, மெசேஜு கிடைக்கலியா என்று கேட்டுவிட்டேனே, அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது மதினி என்று என்னிடம் வந்து அழுதான். நீ அப்படியே வெளியே போனாயாம், பிறகு வரவே இல்லையாம். அவன் சொல்ல வந்ததில் பாதியைக்கூட நீ கேட்கவில்லை. மீதியை நான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

லிட்டில் அந்தமானுக்குத் தெற்கே எஞ்சின் நின்றிருக்கிறது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். உன் அப்பா உடனே மீனவர் சங்கத்தில் கொடுத்த, வானம் வழியாக மெசேஜ் அனுப்பும் அந்தச் செட்டை எடுத்து உனக்கு மெசேஜ் அடித்தார். எஞ்சின் நின்னுட்டு, சொக்கலிங்கத்த அனுப்பு என்று. ஏன் ஆபத்துக்கான சிவப்புப் பொத்தானை அமுக்கவில்லை என்று மெயின்லேண்டில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். நம் ஆட்கள் எஞ்சின் கோளாறுக்கு அதை அமுக்குவார்களா? அமுக்கினால் ரோந்துக் கப்பல் வரும், விசாரணை வரும், அந்தத் தாள் எங்கே இந்தத் தாள் எங்கே என்று படகை நாலு நாள் கட்டிப்போடுவார்கள். வீட்டுக்குச் சொன்னால் வீடு பக்கத்துப் படகுக்குச் சொல்லும், பக்கத்துப் படகு போய் இழுத்து வரும். அவர் சொக்கலிங்கத்தை இரண்டு தடவை இழுத்து வந்திருக்கிறார். காலம்காலமாக ஜங்கிளிகாட்டுப் படகுத்துறையில் இதுதானே வழக்கம்.

தார்ப்பாயைப் பாய்போலக் கட்டித் துடுப்புப் போட்டால் ஹட்பே கரைக்குப் போய்விடலாம் என்று முத்துவீரன் சொல்லியிருக்கிறான். உன் அப்பா விடவில்லை. தம்பிக்கு நாம நிக்கிற இடம் போயிருக்குல்லா, நாம நகந்துட்டா அவன் எங்கெ போயி தேடுவான் என்று நங்கூரத்தைப் போட்டுவிட்டார். செட்டில் டிக் விழுந்திருந்தது. டிக் விழுந்தால் வானத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் அர்த்தமாம். மனுஷன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்லாதாம். இதைச் செட்டு பழுதுபார்க்கிற கடைக்காரன் எனக்கு இப்போது சொல்கிறான். அவருக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் காற்று எழும்பி நங்கூரக் கயிறு அறுந்தது. அதற்குப் பிறகு மேற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. இன்னும் மெசேஜ் அடித்தார், ஒவ்வொன்றுக்கும் டிக் விழுந்தது. கடைசியில் சிவப்புப் பொத்தானை அமுக்கலாம் என்று எடுத்தபோது செட்டில் சார்ஜ் இல்லை. முத்துவீரன் பயந்து அழுதிருக்கிறான். உன் அப்பா அவனைப் பார்த்து, எம் மவன் வெவரமானவன்லே, இந்நேரம் ஜங்கிளிகாட்டையே கூட்டிக்கிட்டுக் கெளம்பியிருப்பான், பேசாம படு என்றாராம். அன்றைக்குத்தான் அலை அடித்துப் படகு கவிழ்ந்தது. ஐஸ் பெட்டி முத்துவீரன் கைக்கு அகப்பட்டது, அவருக்கு அகப்படவில்லை. சரக்குக் கப்பல்காரர்கள் பார்த்துத் தூக்கும்வரை அவன் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதினால் உன் நெஞ்சு வெடிக்கும். எழுதாவிட்டால், அப்பா நம்மைத் திட்டிக்கொண்டே போயிருப்பார் என்று நீ நினைத்துக்கொண்டு கிடப்பாய். அவர் திட்டவில்லை. பயப்படவும் இல்லை. நீ வந்துகொண்டிருக்கிறாய் என்றே கடைசிவரை இருந்திருக்கிறார்.

உன்மேல் தப்பே இல்லை என்று எழுதச் சொல்லி ஷெர்லின் பக்கத்தில் நிற்கிறாள். எனக்குப் பொய் வராது. தப்பு இருக்கிறது. ஆனால் அது என்ன தப்பு? செட்டு வந்த அன்றைக்கு, அம்மா நம்பர் போடட்டுமா என்று நீ கேட்டாய். அவ போன அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டு வீடு பூரா தேடுவா, ஒன் நம்பரப் போடு என்றவர் அவர்தான். அப்போது நீ வீட்டோடு இருந்தாய். பிறகு திடீரென்று வேலைக்கு ஆர்டர் வந்தது, டிக்கெட் கிடைத்தது, ஓடினாய். செட்டில் நம்பரை மாற்ற வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. சென்னை வெளிச்சம் தெரிந்ததும் கப்பல் மேல்தளத்தில் நின்று சிம் மாற்றாதவர்கள் இந்தத் தீவில் யார்? பெண்கள் தோட்டைக் கழற்றி அந்தக் கம்பியால் குத்தி எடுப்பார்கள். திரும்பி வரும்போது ஹேடோ ஜெட்டியில் அதையே மறுபடி செய்வார்கள். தீவு நம்பர் தீவுக்கு, மெயின்லேண்ட் நம்பர் மெயின்லேண்டுக்கு. நீயும் தீவு சிம்மைப் பர்ஸில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாய். ஊரே செய்கிறதை நீயும் செய்தாய். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. வந்த கோபம் நின்றும் விட்டது. அவரை இழந்த துக்கம் போதாது என்று உன்னையும் இழந்து உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முத்துவீரன் மறுபடி கடலுக்குப் போகப் போகிறான். வேறு என்ன செய்வான்? அவன் மனைவி சுசீலா கைக்குழந்தையோடு இருக்கிறாள். சொக்கலிங்கத்தின் பழைய படகை எடுத்திருக்கிறான். அதில் செட்டு கிடையாது. நம் செட்டு அவன் இடுப்பில் கட்டியிருந்ததால் தப்பி வந்ததே, அதைத்தான் கொண்டு போக வேண்டும். போன வாரம் அதை எடுத்துக்கொண்டு வந்து, மதினி, இதுல இன்னும் தம்பி நம்பர்தான் ஓடுது, பதல் பண்ணி வேற நம்பர் போட்டுக் குடுங்க என்று கையில் கொடுத்தான். சார்ஜ் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு குறையும் இல்லை அதற்கு.

நானும் ஷெர்லினும் சாயங்காலம் கடலோரப் பாறைக்குக் கொண்டுபோனோம். மேலே வானம் மறைக்காமல் வைக்க வேண்டும், விளக்கு மினுக்குவது நின்றால் லைன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அவள் போனோடு புளூடூத்தில் இணைத்தோம். உள்ளே போனால் கரை எண் என்று ஓர் இடம் இருக்கிறது, செட்டு கரையைக் கூப்பிடுவது அந்த எண்ணைத்தான். அங்கே உன் பெயர் இருந்தது. கிளமெண்ட் என்று நீ அடித்தது. அதை அழித்துவிட்டு என் நம்பரையும் சுசீலா நம்பரையும் போடப் பார்த்தோம். பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம், அதைப் போடு என்கிறது. அனுப்பியது எங்கே போனது என்று உனக்கே தெரியும்.

அபர்டீன் பஜாரில் செட்டு பழுதுபார்க்கும் பெங்காலிக் கடைக்குப் போனேன். மாசி, ஓடிபி ஆயேகா தோ ஹி ஹோகா என்று ஒரே பேச்சு, ஓடிபி வந்தால்தான் ஆகுமாம். ஓடிபி இல்லாமல் மாற்ற வேண்டுமென்றால் செட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரே கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அவருடைய இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். உடல் கிடைக்காதவருக்கு அது கிடைக்க ஏழு வருஷம் ஆகும் என்கிறார்கள். நானும் அதை அவசரப்பட்டு வாங்கப்போவதில்லை.

மாத்தாமலே கொண்டுபோறேன், ஒண்ணும் ஆகாது மதினி என்று முத்துவீரன் சொல்லிப் பார்த்தான். சுசீலா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அணைந்து கிடக்கிற நம்பரைக் கட்டிக்கொண்டு இன்னொருத்தன் கடலுக்குப் போக நான் விடமாட்டேன் என்று செட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். மாசி மாதம் பிறக்கும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குமேல் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அதனால் நீ இதைச் செய்ய வேண்டும். தீவு சிம்மை எடுத்துப் போனில் போடு. அது செத்துப்போகாமல் நான் இங்கிருந்து ரீசார்ஜ் போட்டுக்கொண்டுதான் வருகிறேன். சென்னையில் அதற்கு உடனே சிக்னல் பிடிக்காது. செட்டிங்கில் மொபைல் நெட்வொர்க்குக்குள் போய் ரோமிங்கை ஆன் செய். ஆட்டோமேட்டிக் என்று இருப்பதை எடுத்துவிடு, சற்று நேரம் தேடிவிட்டுப் பெயர்களைக் காட்டும், நம் கம்பெனிப் பெயரைத் தொடு. உனக்கு நான் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது பார், சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஷெர்லின் சொல்லச் சொல்ல எழுதினேன். சிம்மைப் போட்டதும் பழைய மெசேஜ் ஏதாவது வந்து விழுமோ என்று நீ பயந்துதான் போடாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைக்காரனிடம் அதையும் கேட்டேன். இவ்வளவு நாள் தங்காதாம். ஒன்றும் வராது, ஐயா.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் நாங்கள் செட்டோடு பாறையில் இருப்போம். இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு. உன் நம்பர் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததும் ஷெர்லின் பொத்தானை அமுக்குவாள், உனக்கு ஆறு எண் வரும். பத்து நிமிஷம்தான் அதற்கு ஆயுசு.

அதை மெசேஜில் அனுப்பிவிடாதே. ஷெர்லினுக்கும் அனுப்பாதே. என் நம்பருக்குக் கூப்பிட்டு, உன் வாயால் சொல். வேறு எதுவும் பேச வேண்டாம், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கமாட்டேன். எண்ணை மட்டும் சொன்னால் போதும். எனக்குக் காது முன்போல இல்லை, ஒரு தடவையில் பிடிபடாது. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அலுத்துக்கொள்ளாமல், ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொல், ராசா.

கடல்மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
செல்வம்மாள்